மாதம் 500 ரூபாயில் தர்மம்: மூன்று வழிகளும் அவற்றின் நிறைகுறைகளும்

வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மாதம் 500 ரூபாயைத் தர்மத்துக்கென ஒதுக்க முடிகிற ஒரு குடும்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு. பிறந்தநாளிலோ பெற்றோரின் திதியிலோ ஆண்டுக்கான 6,000 ரூபாயையும் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தின் ஒருநாள் சாப்பாட்டுக்குக் கட்டிவிடலாம். பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். அல்லது வீட்டு உண்டியலில் சேர்த்து, தெரிந்தவருக்குத் தேவை வரும்போது நேரில் கொடுக்கலாம்.

முதல் வழியில் கொடுப்பவருக்குக் கிடைக்கும் நிறைவு மற்ற இரண்டிலும் கிடைக்காது. ஆனால் தீபாவளி, புத்தாண்டு போன்ற நாள்களில் ஒரே இல்லத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் பிரியாணியோடு வந்து நிற்பதும், ஜூன் மாதத்தில் சீருடைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் நிர்வாகி அலைவதும் நடக்கக்கூடியவையே. சமையல்காரரின் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் பிறந்தநாள் கொண்டாட்டமாக யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய அன்னதானத் திட்டம் போல நாள்தோறும் அடுப்பெரியும் இடங்களுக்கு இந்தக் குறை அவ்வளவாகப் பொருந்தாது; அங்கே பணம் எந்த நாளில் வந்தாலும் செலவாகிவிடும்.

இரண்டாவது வழியின் பலம், அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவதுதான். நூறு பேர் தலா 300 ரூபாய் தவறாமல் தந்தால், அந்த 30,000 ரூபாயை நம்பி ஓர் ஆசிரியரையோ செவிலியரையோ வேலைக்கு வைக்க முடியும். அதே தொகை எதிர்பாராமல் ஒருமுறை வந்தால் அதை நம்பி யாரையும் வைக்க முடியாது. யுபிஐ வழியாகத் தொகை பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்பதால் கட்டுப்பாடும் நம் கையில்தான் இருக்கிறது. இதன் குறை, நாளடைவில் நாமே மறந்துபோவது. ஆகவே ஆண்டுக்கொருமுறையாவது அந்த நிறுவனத்தின் வரவுசெலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். கொடுக்கத் தயங்கும் நிறுவனத்தை மாற்றிவிடலாம். வணிக வளாக வாசலில் கைகாட்டி நிறுத்துபவரிடம் அங்கேயே ஒப்புதல் தருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வரிச்சலுகையை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் வீண். 80ஜி என்று அறியப்படும், நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவருக்கே கிடைக்கும். பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் தொகையில் பாதிக்குத்தான் கழிவு உண்டு என்பதால், 20 விழுக்காடு வரி கட்டுபவர்கூட 6,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 600 ரூபாய்தான் மிச்சப்படுத்துவார்.

மூன்றாவது வழி நமக்குப் பழக்கமானது. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டத்தின் அடிப்படையும் சமைக்கும்முன் ஒரு பிடியை எடுத்துவைப்பதுதான். இதில் ரசீது இல்லை, இடைச்செலவு இல்லை, உதவி அன்றைக்கே போய்ச் சேரும். ஆனால் சிலிண்டர் தீர்ந்த அன்று உண்டியல் திறக்கப்படும் அபாயமும், வாய்விட்டுக் கேட்கத் துணிந்தவருக்கே பணம் போய், கூச்சப்படுபவர் விடுபட்டுப்போகும் குறையும் இதில் உண்டு. வாங்கியவர் அடுத்த நாள் தெருவில் நம்மைப் பார்த்துத் தலைகுனியாமலிருக்க, பணத்தைக் கையில் திணிக்காமல், பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தைக் கல்லூரியிலேயே கட்டிவிடுவது மேல்.

என் தேர்வு இரண்டாவதும் மூன்றாவதும் கலந்தது: 300 ரூபாய் ஒரே ஒரு நிறுவனத்துக்கு மாதாந்திரப் பிடித்தமாகவும், மீதி 200 ரூபாய் உண்டியலிலும் போகட்டும், உண்டியலை ஜூன் முதல் வாரத்தில் திறந்தால் 2,400 ரூபாய் இருக்கும். திதி நாள் சாப்பாட்டை விட மனமில்லாதவர்கள், தேதியை நாமே முடிவுசெய்யாமல், எந்த நாளுக்கு ஆள் இல்லை என்று இல்லத்திடமே கேட்டுக்கொள்ளலாம். சம்பளம் தடைபடும் மாதங்களில் யுபிஐ செயலியிலேயே பிடித்தத்தை நிறுத்திவைத்து, பிறகு தொடரலாம்.