லே போக மூன்று வழி: ராத்திரி எங்கே படுக்கிறீர்கள்?

லடாக் போகலாம் என்று பேச்செடுத்தால் போதும், அடுத்த ஐந்து நிமிடத்தில் வீட்டில் சண்டை வந்துவிடும். ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா, பேசாமல் டெல்லியிலிருந்து விமானமா? எல்லாரும் கிலோமீட்டரை வைத்துத்தான் வாதாடுவார்கள். அதில் அர்த்தமே இல்லை. மணாலி பக்கத்தில் மலையைக் குடைந்து போட்ட அடல் சுரங்கம் வந்த பிறகு மணாலியிலிருந்து லே சுமார் 430 கிலோமீட்டர், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 420. பத்து கிலோமீட்டருக்கா சண்டை?

நான் இரண்டு சாலையிலும் போயிருக்கிறேன், விமானத்திலும் இறங்கியிருக்கிறேன். என் கணக்கு வேறு: ஒவ்வொரு ராத்திரியும் எவ்வளவு உயரத்தில் படுக்கிறோம்? லே நகரமே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். பகலில் உயரமான கணவாயில் ஏறி, போட்டோ எடுத்து, உடனே இறங்கிவிட்டால் உடம்பு பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அங்கேயே படுத்தால்தான் வினை. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது மலையேறுபவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சர்ச்சுவில் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை மணாலி வழிதான். காலையில் கிளம்பி, 9 கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி, கேலாங், ஜிஸ்பா எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தபடியே கடந்து, சாயங்காலம் சர்ச்சு கூடாரத்தில் இறங்கினோம். மணாலி சுமார் 2,000 மீட்டர், சர்ச்சு கிட்டத்தட்ட 4,300. ஒரே பகலில் இரண்டு மடங்கு! சூப் வந்தது, ஆனால் ஒருவராலும் குடிக்க முடியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மச்சானுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. சில விநாடிகள் சத்தமே இருக்காது; அப்புறம் தண்ணீரில் முங்கி எழுந்தவன் மாதிரி திடுக்கென்று இழுப்பான். டார்ச் அடித்து முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "இங்கே யாரும் தூங்க வருவதில்லை சார், எப்போது விடியும் என்று காத்திருக்கத்தான் வருகிறார்கள்" என்றார்.

சரி, முடியவில்லை என்றால் கீழே இறங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சர்ச்சு இரண்டு உயரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட இடம். பின்னால் திரும்பினால் 4,800 மீட்டரைத் தாண்டிய பாரலாச்சா கணவாய். முன்னால் போனால் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் 5,000 மீட்டருக்கு மேல் லாச்சுங் லா (லா என்றால் கணவாய்). இறங்குவதற்கே ஏற வேண்டும். அடுத்து வரும் பாங் இன்னும் மோசம், சர்ச்சுவைவிட உயரம். அங்கே ராத்திரி தங்கச் சொல்லும் பயணத் திட்டம் யாராவது அனுப்பினால் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

மணாலி வழியில்தான் போவேன் என்றால், 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவில் நிறுத்துங்கள், முடிந்தால் இரண்டு ராத்திரி. பிறகு விடியும் முன்பே கிளம்பி ஒரே மூச்சில் லே. முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், முதுகு கழன்றுவிடும், ஆனாலும் அதுதான் நல்லது. வெயில் ஏற ஏற பனி உருகி ஓடைகளில் தண்ணீர் கூடும் என்பதால் சீக்கிரம் கிளம்புவதில் அந்த லாபமும் உண்டு. பைக்கில் போகிறவர்கள் ஜிஸ்பாவுக்கு முன்பே வரும் தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பி, கேனிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். அழகைச் சொல்ல வேண்டும் என்றால், மோரே சமவெளி மாதிரி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மலைக்கு மேல் மேசை போட்ட மாதிரி 40 கிலோமீட்டர், ஒரு மரம் கிடையாது.

ஸ்ரீநகர் வழிக்கு அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. ஆனால் உடம்புக்கு அதுதான் இதம். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், ராத்திரி தங்கும் கார்கில் சுமார் 2,700, மறுநாள் லே. நடுவில் வரும் உயரமான ஃபோட்டு லாவே 4,108 மீட்டர்தான், அதையும் பகலிலேயே தாண்டிவிடுவோம். பயமுறுத்துவது ஜோஜி லா. உயரம் 3,528 மீட்டர், லேயைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் குறுகலான மண் பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். பெரும்பாலும் நேரம் பிரித்து ஒருவழியாகத்தான் வண்டிகளை விடுவார்கள். 2025 ஜனவரியில் திறந்த சுரங்கம் சோனாமார்க் வரைக்கும்தான் உதவும்.

ஜோஜி லா தாண்டினால் திராஸ். போர் நினைவிடத்தின் பின்னால் டோலோலிங் மலை நிற்கிறது. அதை நேரில் அண்ணாந்து பார்த்தால்தான் 1999-இல் கீழிருந்து மேலே ஏறியவர்கள் என்ன செய்தார்கள் என்பது புரிகிறது. நம் திருச்சி மேஜர் சரவணன் உயிர்விட்ட பட்டாலிக் பகுதியும் இதே கார்கில் மாவட்டம்தான். கார்கில் ஊரில் பார்க்க அதிகம் இல்லை; ஜூலை கடைசியில் போனால் பாதாமி (ஆப்ரிகாட்) பழம் கூடை கூடையாக விற்பார்கள், அது போதும். மறுநாள் முல்பேக்கில் பாறையில் செதுக்கிய மைத்ரேய புத்தர், பிறகு லாமாயூரு. அங்கே மஞ்சள் மண் குன்றுகள் மெழுகு வழிந்த மாதிரி நிற்கும். ஆல்ச்சி மடாலயத்தின் பழைய சுவரோவியங்களுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். நிம்மு பக்கத்தில் சிந்துவும் ஜன்ஸ்காரும் இரண்டு நிறமாகச் சேர்வதைப் பார்த்துவிட்டு லேவுக்குள் நுழையலாம். ரயில்காரர்களுக்கு இன்னொரு வசதி: கன்னியாகுமரியிலிருந்து ஹிமசாகரில் கட்ரா, அங்கிருந்து 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத்தில் ஸ்ரீநகர். காஷ்மீர் நிலவரத்தை மட்டும் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் டெல்லியின் 200 மீட்டரிலிருந்து 3,500 மீட்டருக்குத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் முதல் இரண்டு நாள் ரூமில் படுத்தே ஆக வேண்டும், காசு கொடுத்து வந்துவிட்டு ஜன்னல் வழியாகத்தான் லடாக். ஒரு வாரம்தான் லீவு என்றால் வேறு வழியில்லை. உயரத்தால் வரும் உபாதைக்குத் தரும் டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

என் தேர்வு: போகும்போது ஸ்ரீநகர், திரும்பும்போது மணாலி. லேவில் ஐந்தாறு நாள் இருந்து உடம்பு பழகிய பிறகு 5,300 மீட்டர் தங்லாங் லா வெறும் வேடிக்கை, சர்ச்சு வெறும் டீ குடிக்கும் இடம். வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்களா? போக வர ஸ்ரீநகரே போதும். வெளியூர் டாக்சியையோ வாடகை பைக்கையோ லே, நுப்ரா, பாங்காங் சுற்ற உள்ளூர் சங்கத்துக்காரர்கள் விடமாட்டார்கள், அதற்குத் தனியாகப் பட்ஜெட் போடுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம்மும் அங்கே வேலை செய்யாது. ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள்.

மணாலி பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மண் சரியும். 2023 ஜூலையில் பியாஸ் வெள்ளம் சாலைகளையே அடித்துக்கொண்டு போனது. அதனால் சண்டிகரிலிருந்து திரும்ப டிக்கெட் போடும்போது நடுவில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள், முடிந்தால் இரண்டு.