லண்டன் விளையாட்டரங்கு: தடகள ரசிகரின் மதிப்பீடு

கிழக்கு லண்டனில், ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள லண்டன் விளையாட்டரங்கைப் பற்றிக் கால்பந்து ரசிகர்கள் எழுதித் தீர்த்தது ஏராளம். அதில் பாதிக்கு மேல் வசவு. தடகளம் பார்க்கப் போகிறவருக்குப் பயன்படும்படி எழுதியவர் குறைவு என்பதால், 2024 ஜூலை 20 அன்று அங்கே, பல நாடுகளில் நடக்கும் தடகளத் தொடரான டைமண்ட் லீக்கின் போட்டியைப் பார்த்துவிட்டு வந்த எனக்குத் தோன்றியதைப் பதிவு செய்கிறேன்.

பெண்கள் 800 மீட்டரில் பிரிட்டனின் கீலி ஹாட்ஜ்கின்சன் இரண்டாம் சுற்றில் வேகமெடுத்தபோது, அவர் எந்த வளைவைக் கடக்கிறாரோ அந்தப் பக்கத்திலிருந்து ஆரவாரம் எழுந்து, அவருடனேயே அரங்கைச் சுற்றி வந்தது. 1 நிமிடம் 54.61 விநாடி என்று பலகை காட்டியபோது என் அருகில் இருந்த எவரும் இருக்கையில் இல்லை. அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 100 மீட்டரை 9.81 விநாடியில் ஓடியதும் அன்றுதான். ஏறத்தாழ 60,000 பேர் கூடிய இடத்தில் ஓட்டக்காரரின் காலடியைக் கூர்ந்து பார்க்க முடிகிறது என்றால், கீழ் வரிசை இருக்கைகள் ஓடுபாதையை மறைக்காதபடி பின்னுக்கு இழுக்கப்பட்டிருப்பதே காரணம். விரிவாக்கப்பட்ட கூரை இருக்கைகள் அனைத்தையும் மூடுகிறது. லண்டன் கோடையை நம்பி வெளியே போகிறவருக்கு இது சிறிய வசதியன்று.

இந்த அரங்கின் அருமையை உணர, இது இல்லாத காலத்தில் லண்டன் பட்ட பாட்டையும் அறிந்திருக்க வேண்டும். லண்டனில் தேசியக் கால்பந்து அரங்கமாகத் திட்டமிடப்பட்ட புதிய வெம்பிளி அரங்கில் தற்காலிக மேடை எழுப்பி அதன்மேல் ஓடுபாதை அமைக்கலாம் என்ற திட்டம் 1999 டிசம்பரில் கைவிடப்பட்டது. ஆயினும், 2005-ஆம் ஆண்டு உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பை நடத்தும் உரிமை 2000 ஏப்ரலில் லண்டனுக்கே வழங்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மண்டபம் தேடியது போல, லீ பள்ளத்தாக்கில் உள்ள பிக்கெட்ஸ் லாக் என்ற இடத்தில் 43,000 பேர் அமரும் அரங்கம் கட்டுவதாக முடிவு செய்தார்கள்; செலவு ஏறிக்கொண்டே போகவே, 2001 அக்டோபரில் அரசு அதையும் நிறுத்தியது. ஷெஃபீல்டில் நடத்திக்கொள்ளலாம் என்ற மாற்று யோசனையைச் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் ஏற்கவில்லை. போட்டி ஹெல்சின்கிக்குப் போனது. பிக்கெட்ஸ் லாக்கில் பின்னர், 2007-இல், ஒரு தடகளப் பயிற்சி மையம் திறக்கப்பட்டது மட்டும் ஆறுதல்.

2012 ஒலிம்பிக்கிற்காக எழுந்த ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்கும் தடகளத்துக்கு எளிதில் மிஞ்சவில்லை. டாட்டன்ஹாம் கால்பந்துக் கழகம் இதை இடித்துவிட்டுக் கால்பந்துக்கென்றே புதிதாகக் கட்ட விரும்பியது. இன்று இந்த அரங்கில் ஆடும் வெஸ்ட் ஹாம் கழகத்துடன் முதலில் பேசிய ஒப்பந்தம் சட்டச் சிக்கலால் 2011 அக்டோபரில் முறிந்தது. அரங்கம் பொதுச் சொத்தாகவே இருக்கும், ஓடுபாதை அகற்றப்படாது என்ற உறுதி கிடைத்த பிறகே, அடுத்த மாதம் மொனாக்கோவில் நடந்த வாக்கெடுப்பில் 16-க்கு 10 என்ற கணக்கில் தோஹாவை வென்று 2017-ஆம் ஆண்டு உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பை லண்டன் பெற்றது. அந்தப் போட்டிக்கு ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றன. உசைன் போல்ட் தம் கடைசித் தனிநபர் 100 மீட்டரில் மூன்றாவதாக வந்ததும் இங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. கால்பந்துக்கும் தடகளத்துக்கும் ஏற்ப மாறும் இருக்கைகள் என்று காகிதத்தில் அழகாக இருந்தது, நடைமுறையில் ஆண்டுதோறும் பெரும் பணம் விழுங்கும் வேலையாகிவிட்டது. அரங்கை மாற்றியமைக்கும் செலவு 27.2 கோடி பவுண்டிலிருந்து 32.3 கோடியாக உயர்ந்தது 2016-இல் வெளிவந்தபோது, லண்டன் மேயர் விசாரணைக்கு உத்தரவிட்டார். கால்பந்து நாட்களில் ஆடுகளம் எட்டத்தில் இருக்கிறது என்று வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. ஈஸ்ட் ஹாம் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த கிரீன் ஸ்ட்ரீட் பக்கத்துப் பழைய மைதானத்தில், ரசிகர்கள் ஆட்டக்காரர்களைக் கைநீட்டித் தொடும் தூரத்தில் அல்லவா அமர்ந்திருந்தார்கள்! 2017-இல் தடகளத்துக்கு வழிவிட்டு அவர்களது கழகம் லீக் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களையும் வெளியூரிலேயே ஆட நேர்ந்தது. 2029-ஆம் ஆண்டு உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்புக்கும் லண்டன் ஆசைப்படும் நிலையில், கட்டடத்தைவிட நாட்காட்டியே பெரிய இடைஞ்சலாக இருக்கும் என்பது என் கணிப்பு.

போக விரும்புவோருக்கு: முடிவுக் கோட்டை ஒட்டிய பகுதியில் சீட்டு கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்கலாம். தாண்டுதல், எறிதல் போட்டிகளில் ஆர்வம் உள்ளவர்கள் அவை எந்தப் பக்கம் நடக்கின்றன என்று விசாரித்துவிட்டு இருக்கையைத் தேர்ந்தெடுப்பதும், கையில் ஒரு தொலைநோக்கி வைத்திருப்பதும் நல்லது. தடகளத்துக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருகிறேன்; அரை நட்சத்திரத்தைக் குறைத்தது, ஓடுபாதை கண்ணில் படும் நாட்கள் ஆண்டில் இவ்வளவு சொற்பமாக இருப்பதற்காக.