பழைய காருக்கு டிஜிட்டல் ரேடியோ: மூன்று வருடம் கழித்து ஒரு நீல வயர்

போன வாரம் மச்சினன் பட்டர்வொர்த்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். லண்டனில் இருக்கும் அவனுடைய கூட்டாளி ஊருக்கு வரும்போது டி.ஏ.பி. கார் ரேடியோ (எஃப்.எம்.முக்குப் பதிலாகக் காற்று வழியே டிஜிட்டலாக வரும் ஒலிபரப்பைப் பிடிக்கும் செட்) ஒன்று வாங்கி வருகிறாராம். "மச்சான், என் பழைய மைவி காருக்குப் போடலாமா? டிவியை டிஜிட்டல் ஆக்கின மாதிரி ரேடியோவையும் ஆக்கிட்டா எஃப்.எம். இருக்காதே?"

அன்று காலைதான் என் வண்டி வயரிங் கடையிலிருந்து வந்திருந்தது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அவன் கேட்டதற்கு: வேண்டாம். 2019இல் இங்கே மலேசியாவில் அனலாக் டிவியை நிறுத்தினார்கள், உண்மைதான். ரேடியோ கதை வேறு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வண்டியில் நாம் கேட்பது இன்னும் எஃப்.எம்.தான். நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம்.மை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பரிலிருந்து விற்பனைக்கு வரும் புதுக் கார்களில் டிஜிட்டல் ரேடியோ கட்டாயம். லண்டன் செட்டை இங்கே மாட்டி டி.ஏ.பி. பொத்தானை அழுத்தினால், அது பெரும்பாலும் தேடிக்கொண்டே இருக்கும். அதில் எஃப்.எம். பாடும், ஆனால் எஃப்.எம்.முக்காக லண்டனிலிருந்து செட் வர வேண்டுமா?

நம் ஊரில் பழைய காருக்கு டிஜிட்டல் ரேடியோ என்றால் நடைமுறையில் ஆண்ட்ராய்டு பிளேயரும் (செயலிகள் ஓடும் திரை வைத்த கார் செட்) கைபேசி ஹாட்ஸ்பாட்டும்தான். நம் தமிழ் நிலையங்களில் மின்னலுக்கு ஆர்டிஎம் கிளிக், ராகாவுக்கு சியோக். இரண்டும் வேறு வேறு செயலி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். அதைத்தான் நான் மூன்று வருடமாக வைத்திருக்கிறேன்.

என் வண்டி 2005 டொயோட்டா விஷ், ஜப்பானில் ஓடிப் பழகி இங்கே இறக்குமதியான ரீகோண்ட். அந்த நாட்டு எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவது. செட்டோ 90உடன் நின்றுவிடும். நம் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. அதனால் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை ஆன்டெனா வயரில் செருகிக் கொடுத்திருந்தார்கள். அது எல்லா அலைவரிசையையும் 14 இறக்கிக் காட்டும். 96.3 மின்னல் எஃப்.எம். என் செட்டில் 82.3. ராகாவின் 99.3 இங்கே 85.3. 104க்கு மேலே இருந்த நிலையங்கள் எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. அம்மாவுக்கு மின்னல் என்றால் எண்பத்திரண்டு புள்ளி மூன்றுதான். பக்கத்து வீட்டுக்காரரோடு அதற்காக ஒரு முறை வாக்குவாதமே நடந்தது.

சாவியைத் திருப்பினால் உடனே பாட்டு. அதற்கு முன்னால் ஒரு ஜப்பானியப் பெண் குரல் ஏதோ சொல்லும். டோல் கார்டு செருகவில்லை என்று அது புகார் சொல்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை காலை வணக்கம் என்றே நினைத்திருந்தோம். அம்மா தினமும் "வணக்கம்மா" என்று பதில் சொல்வார்.

அந்த செட்டைக் கழற்றிவிட்டு 650 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஆண்ட்ராய்டு பிளேயர் போட்டேன். திரை பெரிது, வரைபடம் உண்டு, பின்பக்கக் கேமராவும் உண்டு. எஃப்.எம். மட்டும் முதல் நாளே இரைந்தது. கோலாலம்பூர் செந்தூலில், நகரின் உயரக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மின்னல் மீன் பொரிக்கிற மாதிரிக் கேட்டது. மாட்டிய பையன், "இந்த செட்டுல எஃப்.எம். அப்படித்தான் பாஸ், யாரு இப்போ எஃப்.எம். கேக்கிறா?" என்றான். நானும் தலையாட்டிவிட்டு ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன்.

நியாயமாகச் சொல்கிறேன், மாறியதில் சுகம் இருந்தது. முன்பெல்லாம் மாமியார் வீட்டுக்குப் போகும்போது தஞ்சோங் மாலிம் தாண்டியதும் இரைச்சல் தொடங்கும். மனைவி அடுத்த அலைவரிசையைத் தேடிப் பிடிப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும். இப்போது வீட்டு வாசலில் தொடங்கிய நிகழ்ச்சி பட்டர்வொர்த் வரை ஒரே குரலில் வருகிறது. டேட்டாவும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 128 கிலோபிட்டில் ஓடினால் மணிக்கு 58 எம்.பி. ஆகும்.

கோலகங்சார் பக்கம் மெனோரா சுரங்கம் ஏறக்குறைய 800 மீட்டர். உள்ளே லைன் இல்லாமல் போனாலும் பாட்டு பெரும்பாலும் அறுபடாமல் வெளியே வந்துவிடுகிறது. ஸ்ட்ரீமிங் எப்போதும் கொஞ்சம் பின்தங்கி ஓடுவதால், சேர்த்து வைத்ததை அங்கே செலவழிக்கிறது. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மட்டும் பாதியில் நிற்கும்.

அதே பின்தங்கல் நோன்பு மாதத்தில் மானத்தை வாங்கியது. என்னோடு வண்டியில் வரும் மலாய் நண்பர், டூக் நெடுஞ்சாலை ஜாமில், கையில் பேரீச்சம்பழத்தோடு, நோன்பு திறக்க ரேடியோ பாங்குக்குக் காத்திருந்தார். பக்கத்துக் கார்க்காரர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டார். அதற்குப் பின்னால் இருந்தவரும் குடித்துவிட்டார். எங்கள் வண்டியில் இன்னும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் நிமிடம் கழித்து பாங்கு வந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த நாற்பது விநாடி. சாவியைத் திருப்பினால் கருப்புத் திரை, பிறகு டொயோட்டா சின்னம், பிறகு மறுபடி கருப்பு. ஹாட்ஸ்பாட்டைப் பிடிக்க இன்னும் கொஞ்ச நேரம். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற தூரம் ஐந்து நிமிடம்கூட இல்லை. "ரேடியோ என்னாச்சுய்யா?" "வருதும்மா." அது வருவதற்குள் நான் இரண்டாவது சமிக்ஞை விளக்கில் நிற்பேன். மூன்று வருடமாக இதே பேச்சு. ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்த பிறகுதான் கேமராவும் முழிக்கும்!

அந்தக் கேமரா போன மாதம் கெட்டுப்போனதால்தான் வயரிங் கடைக்குப் போனேன். சீன அங்கிள் செட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, டேப் சுற்றி மூலையில் செருகியிருந்த நீல வயரைக் காட்டி, இதை ஏன் மாட்டவில்லை என்று கேட்டார். விஷ்ஷுக்கு ஆன்டெனா கம்பி கிடையாது, கண்ணாடியிலேயே கோடாகப் பதிந்திருக்கும். அந்தக் கோடு பிடிக்கிற சிக்னல் சன்னமானது, அதைப் பெருக்க ஒரு பூஸ்டர் உண்டு. பூஸ்டருக்கு 12 வோல்ட் வேண்டும். அது செட்டிலிருந்து போகிற வழி அந்த நீல வயர். மூன்று வருடமாக அது சும்மா தொங்கியிருக்கிறது.

அவர் மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கேமராவுக்கு மட்டும் காசு வாங்கினார். 96.3 பளிச்சென்று வந்தது. நான் டிஜிட்டல் டிஜிட்டல் என்று மூன்று வருடம் எல்லோரிடமும் மெச்சிய தெளிவு, பாதிக்கு மேல் இந்த வயரைப் பார்க்காத குறைதான். அந்தப் பையன் மேல் கோபம் வந்தது. கேட்டுத் தலையாட்டிய என் மேல் அதைவிட அதிகம்.

மச்சினனுக்கு எழுதிய பதில் இதுதான்: மைவியில் இருக்கிற செட்டைத் தொடாதே. ஆன்டெனாவைத் திருகிப் பார், வயரைப் பார்க்கச் சொல். இங்கே கோலாலம்பூருக்கு வரும் நாட்களில் கைபேசியை புளூடூத்தில் போட்டுக்கொள். "அப்போ நீங்க ஆண்ட்ராய்டு பிளேயரைக் கழட்டிடுவீங்களா?" என்று கேட்டான். தீபாவளிக்கு அங்கே வர வேண்டுமே, அதுவரை இருக்கட்டும் என்றேன்.

நேற்று அம்மா ஏறினார். நாற்பது விநாடி கழித்து மின்னல் வந்தது, துளி இரைச்சல் இல்லை. திரையில் பெரிதாக 96.3. கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு பார்த்தவர், "இது நம்ம ஸ்டேஷன் இல்லையேய்யா" என்றார்.