ஒன்டாரியோவில் சால்மனா, வெள்ளைவால் மானா: முதலில் எதில் இறங்குவது?

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே விஷயம்தான். "அண்ணே, தூண்டில் வாங்கவா, இல்ல துப்பாக்கி லைசென்ஸுக்குப் படிக்கவா? ரெண்டுக்கும் நேரமும் காசும் பத்தாது, ஒண்ணு சொல்லுங்க." கேட்பவர்கள் பெரும்பாலும் கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ், மார்க்கம் பக்கம் வீடு வாங்கிக் கொஞ்சம் மூச்சு விட்டவர்கள். அடுத்த வீட்டுக்காரர் செப்டம்பரில் கை நீளச் சால்மனோடும், நவம்பரில் பிக்கப் வண்டியின் பின்னால் மானோடும் வந்து இறங்குவதைப் பார்த்தவர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஆண்டு ஒன்டாரியோ ஏரியில் சால்மனும் டிரவுட்டும். மூன்றாம் ஆண்டு மான். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். செலவு ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. மீன் பிடிப்பதைத் தப்புப் பண்ணிப் பண்ணிக் கற்றுக்கொள்ளலாம். மானுக்குக் கற்றுக்கொண்ட பிறகுதான் போக வேண்டும்.

உள்ளே நுழைய என்ன வேண்டும்

மீனுக்கு ஒரு மாலை நேரம் போதும். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டு என்ற மாகாண அட்டை வேண்டும். மூன்று ஆண்டுக்கு எட்டு டாலருக்குச் சற்று மேல். அதோடு மீன்பிடி உரிமம். முழு அளவு பிடிக்க 'ஸ்போர்ட்', ஓராண்டுக்கு 27 டாலர் அளவில். குறைவாகப் பிடித்தால் போதும் என்றால் 'கன்சர்வேஷன்', 15 டாலர் அளவில். குடியுரிமை கேட்க மாட்டார்கள். ஒன்டாரியோதான் வீடு என்று, கடந்த 12 மாதத்தில் தொடர்ந்து 6 மாதம் இங்கே இருந்திருந்தால் உள்ளூர்க் கட்டணம்தான். ஒன்பதடி ராடு, 200 மீட்டர் தூண்டில் நரம்பு கொள்ளும் ரீல், ஸ்பூன் என்ற கரண்டி மாதிரி மினுங்கும் உலோகப் பொய் இரை நாலைந்து, நீளப் பிடி வைத்த கைவலை. எல்லாம் சேர்த்து 250 டாலருக்குள் அடங்கும். இடத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிக்கரிங், விட்பி, போர்ட் கிரெடிட் துறைமுகக் கரைகளில் போய் நின்றால் சரி.

மானுக்கு முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, தேர்வு. துப்பாக்கி என்றால் கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பும் தேர்வும் தனி. இரண்டையும் சேர்த்து நடத்தும் வகுப்புக்குச் சில நூறு டாலர் ஆகும். அப்புறம் உரிமத்துக்கு விண்ணப்பம். முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டத்திலேயே இருக்கிறது. பின்னணி விசாரிப்பார்கள், மனைவி அல்லது கணவருக்குத் தெரிவிப்பார்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி, பூட்டிய அலமாரி, மான் உரிமம், அதோடு வரும் டேக் என்ற அடையாளச் சீட்டு. ஒரு டேக்குக்கு ஒரு மான். கொம்பில்லாத மானைச் சுட வேண்டுமென்றால் அந்தப் பகுதிக்குக் குலுக்கலில் தனி டேக் விழ வேண்டும்.

இதெல்லாம் கிடைத்த பிறகும் நிலம் வேண்டும். தென் ஒன்டாரியோவில் காடு மாதிரித் தெரிவதெல்லாம் யாரோ ஒருவருடைய சொத்து. சிம்கோ கவுண்டி காடுகள் மாதிரி வேட்டைக்குத் திறந்துவிட்ட பொதுக்காடுகள் உண்டு, ஆனால் நவம்பரில் அங்கே கூட்டம் தாங்காது. எனக்கு நிலம் கிடைத்தது, பீட்டர்பரோ பக்கம் ஒரு பண்ணைக்காரருக்கு இரண்டு கோடையில் வைக்கோல் கட்டு ஏற்றிக் கொடுத்த பிறகு.

காற்று

எனக்கு இரண்டையும் பழக்கியவர் முல்லைத்தீவுக்காரர் ஒருவர். நான் தூத்துக்குடி, அவரை அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஒரு செப்டம்பர் இரவு போன் பண்ணினார். "தம்பி, கச்சான் விழுந்திட்டுது. ரெண்டு நாளா வாடைதான். விடிய மூண்டு மணிக்கு வெளிக்கிடுவம்."

கச்சான் என்றால் மேல்காற்று, வாடை என்றால் வடகாற்று. அந்த ஒரு வரியில் ஒன்டாரியோ ஏரியின் வடகரை மீன்பிடிப்பு பாதி அடங்கிவிடும். கோடையில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சினூக் சால்மனுக்குப் பிடித்தது 10 முதல் 13 டிகிரி வரை. அதனால் அது கரைக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கும், படகு இல்லாமல் தொட முடியாது. வாடை இரண்டு நாள் விடாமல் அடித்தால் மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீரை அமெரிக்கப் பக்கம் தள்ளிவிடும்; அந்த இடத்தை நிரப்ப அடியிலிருக்கும் குளிர்நீர் நம் கரையோரம் ஏறும். மீனும் அதோடு ஏறும். அன்று மாலை வரை 20 டிகிரி இருந்த தண்ணீரில் விடியற்காலை கையை விட்டால் விரல் மரத்துப் போகும். அன்றைக்குத்தான் போக வேண்டும்.

நாங்கள் போனது பிக்கரிங் ஃபிரெஞ்ச்மேன்ஸ் பே வாய். நல்ல இருட்டு. ஒளிரும் ஸ்பூனை டார்ச்சில் காட்டி எடுத்தால் பச்சையாக மினுங்கும்; வீசி, மெதுவாக இழுத்து, மங்கியதும் மறுபடி காட்ட வேண்டும். நாற்பது வீச்சுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஏதோ மூட்டையில் கொளுவியது மாதிரி நின்றது. அடுத்த நொடி ரீல் அலறி எண்பது மீட்டர் நரம்பு ஓடிவிட்டது. நான் பதறிப்போய் பிரேக்கை இறுக்கினேன். பட்டென்று அறுந்தது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஸ்பூனைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினார். வெளிச்சம் வருவதற்குள் இன்னொன்று அடித்தது. ஓடட்டும் என்று விட்டேன். இருபது நிமிடம் கழித்து வலைக்குள் வந்தது, ஒன்பது கிலோ, வெள்ளிப் பாத்திரம் மாதிரி.

அறுந்த மீன் வாயில் ஒரு ஸ்பூனோடு போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒரு தப்பு நடந்து, அரை மணியில் அதைத் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு வந்ததே, அதுதான் நான் சொல்ல வருவது. பிடித்ததைத் திருப்பி விடவும் முடியும். விட்டே ஆக வேண்டிய நேரமும் உண்டு: வாயில் கொளுவாமல் உடம்பில் குத்தி வந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. எது எந்த மீன் என்று பார்க்கவும் தெரிய வேண்டும். சினூக்குக்கு ஈறு கறுப்பு, வால் முழுக்கப் புள்ளி. கோஹோ சால்மனுக்கு ஈறு வெளுப்பு, வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளி. ரெயின்போ டிரவுட்டின் வாலில் புள்ளிகள் வரிவரியாக இருக்கும். செவுள் மூடியில் பெரிய புள்ளியும் வாலில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் அட்லாண்டிக் சால்மனாக இருக்கலாம், நிதானமாகப் பாருங்கள். அதற்கு வரம்பு மிகக் கடுமை.

அந்த அட்லாண்டிக்தான் இந்த ஏரியின் சொந்தச் சால்மன். ஆறுகளில் மில்லுக்காகக் கட்டிய அணைகள், காட்டை வெட்டியது, கணக்கில்லாமல் பிடித்தது என்று எல்லாம் சேர்ந்து 19 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதை ஒழித்துவிட்டன. 2006 முதல் அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு திட்டம் நடக்கிறது. நாம் இன்று பிடிக்கும் சினூக்கும் கோஹோவும் 1960களின் கடைசியிலிருந்து பசிபிக் வம்சத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டதால் வந்தவை. கரையெல்லாம் செத்து நாறிய ஏல்வைஃப் என்ற சின்ன மீனைத் தின்னட்டும் என்பதும் ஒரு நோக்கம். சினூக்கின் பிழைப்பு இன்றும் அந்த ஏல்வைஃபை நம்பித்தான். பக்கத்து ஹூரான் ஏரியில் 2003-04 வாக்கில் ஏல்வைஃப் அற்றுப்போனதும் அங்கே சினூக் மீன்பிடிப்பும் படுத்துவிட்டது. ஒன்டாரியோ ஏரியிலும் இரை குறைகிறது என்று 2017 இல் கனடா, நியூயார்க் இரு பக்கமும் சினூக் குஞ்சு விடுவதைக் குறைத்தார்கள். இந்த வளம் என்றும் இப்படியே இருக்கும் என்று எண்ணி ஐம்பதாயிரம் டாலர் படகு வாங்காதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் வாடகைப் படகில் போங்கள். ஸ்பூனை 30 மீட்டர் ஆழத்தில் நிறுத்தும் டவுன்ரிகர், மீன் நிற்கும் மட்டத்தைக் காட்டும் திரை எல்லாம் கூடவே வரும்.

மானுக்கும் அதே காற்று

ஊரிலிருந்து வந்த நமக்கு மான் வேட்டை என்றதும் நெஞ்சு திக்கென்கிறது. அது நியாயம். இந்தியாவில் புள்ளிமானைக் கொன்றால் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சிறை. இங்கே நிலைமை வேறு. தென் ஒன்டாரியோவில் ஓநாய் ஏறக்குறைய இல்லை. சோளம், சோயா வயலும் அதன் ஓரத்துச் சிறுகாடும் வெள்ளைவால் மானுக்கு விருந்து. பெட்டை மான் எத்தனை எடுக்கலாம் என்பதைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைத்துத்தான் எண்ணிக்கையை நிர்வகிக்கிறார்கள். வேட்டைக்காரர் தான் எடுத்ததையும் எடுக்காததையும் அரசுக்குக் கணக்குச் சொல்வது கட்டாயம். இறைச்சியை விற்கக் கூடாது.

புதியவர்கள் பலர் வில் பக்கம் சாய்கிறார்கள். வில்லுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டாம், பல பகுதிகளில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் கடைசி வரை பருவம் உண்டு. துப்பாக்கிக்குக் கிடைப்பது நவம்பரில் ஓரிரு வாரம்தான், அதிலும் தெற்கே பல இடங்களில் ரைஃபிளுக்கு அனுமதியே இல்லை. நானும் அப்படித்தான் வில்லில் தொடங்கினேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது.

இரண்டாவது அக்டோபர். மேப்பிள் மரத்தில் ஐந்து மீட்டர் உயரத்தில் பரண், இடுப்பில் பாதுகாப்பு வார். மாலை வெயில் சாய்ந்ததும் ஒரு பெட்டை மான் சோள வயல் ஓரமாக வந்தது. இருபது மீட்டர். அந்த நேரம் பார்த்துப் பிடரியில் சில்லென்று பட்டது: காற்று திரும்பிவிட்டது. என் உடம்பு வாசம் நேராக அதன் மூக்குக்குப் போகிறது. அது தலையைத் தூக்கி முன்காலால் தரையைத் தட்டியது. இன்னொரு நொடியில் வெள்ளை வாலைக் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடிவிடும் என்று தெரிந்து அவசரமாக விட்டேன். அம்பு ஒரு சாண் பின்னால் இறங்கியது.

இறங்கி அம்பைப் பார்த்தேன். நெஞ்சில் பட்டிருந்தால் நுரையோடு பளீர் சிவப்பு இருக்கும். இதில் பச்சையும் பழுப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது, குடல் நாற்றம். போனில் சொன்னதும் அண்ணை, "உடன பின்னால போகாதேங்கோ. துரத்தினா அது படுக்காம ஓடும். விடியட்டும்" என்றார். அன்றிரவு தூக்கம் இல்லை. காலையில் இருவரும் குனிந்து குனிந்து, ஓர் இலையில் பொட்டு, அடுத்த பத்து மீட்டரில் இன்னொரு பொட்டு என்று மூன்று மணி நேரம் தேடினோம். கண்டுபிடித்தபோது கயோட்டி என்ற காட்டுநாய்கள் பின்பக்கத்தைத் தின்று முடித்திருந்தன. அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டேக்கைக் கட்டினேன், அந்த ஆண்டு அதோடு முடிந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: மான் என்றால் அனுபவசாலி ஒருவரோடு, துப்பாக்கிப் பருவத்தில், துப்பாக்கியைச் சாய்த்துக் குறி வைக்கத் தாங்கல் உள்ள இடத்தில் தொடங்குங்கள். உடம்பிலும் தலையிலும் ஆரஞ்சு உடை கட்டாயம். மேலுடம்பில் 400 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். வில்லை அடுத்த ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கோடை முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு.

சமையலறைக்கு வந்தால்

இங்கே மான்தான் மேல், எனக்குச் சந்தேகமே இல்லை. நடுத்தரப் பெட்டை மான் ஒன்றில் எலும்பு நீக்கி 20 கிலோ கறி தேறும், குளிர்காலம் தாண்டும். கொழுப்பே இல்லாத கறி. மிளகு வறுவலுக்கு நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக வேண்டும், இல்லாவிட்டால் வறண்டுவிடும். அண்ணை வீட்டில் உப்பும் மஞ்சளும் தடவி வத்தல் போடுவார்கள், வன்னியில் போட்ட முறைப்படி. ஆனால் சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்து உடம்பை ஆறவைக்கும் வேலை இருக்கிறது. முழங்கை வரை ரத்தம். அதைச் செய்ய மனம் ஒப்பாதவர்கள் சுடவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உண்ணி கடித்திருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பாருங்கள், லைம் நோய் இங்கே உண்டு.

சால்மனுக்கு வரம்பு இருக்கிறது. ஏரியில் வெள்ளியாகப் பிடித்தது குழம்புக்கும் பொரியலுக்கும் அருமை. ஆற்றில் ஏறிக் கறுத்ததன் சதை வெளுத்துச் சோர்ந்திருக்கும், விட்டுவிடுங்கள். பெரிய சினூக்கிலும் லேக் டிரவுட்டிலும் பாதரசமும் பிசிபி என்ற ரசாயனமும் சேர்ந்திருக்கும். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் பிசிபி குறையும். பாதரசம் சதையிலேயே இருப்பதால் அது குறையாது. மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசு நீர்நிலைவாரியாகவும் மீன் நீளவாரியாகவும் பட்டியல் வெளியிடுகிறது. கருவுற்றிருப்பவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அளவு இன்னும் குறைவு. கிலோக் கணக்கில் சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

இந்த ஆண்டு தூண்டில் வாங்குகிறவர்கள் குளிர்காலத்தில் வேட்டை வகுப்பையும் முடித்து வைத்துவிடலாம்; கொம்பில்லா மானுக்கான குலுக்கலுக்குக் கோடைத் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போட வேண்டும் என்பதால், செப்டம்பரில் நினைத்து நவம்பரில் அதற்குப் போக முடியாது. இன்னும் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை என்றால் செப்டம்பர் நடுவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போர்ட் ஹோப் ஊருக்குப் போய் கனராஸ்கா ஆற்றில் மீன் அணையைத் தாண்ட ஏறும் படிக்கட்டு ஓரம் நில்லுங்கள். பத்துக் கிலோ சினூக் அணையில் மோதி விழுந்து, கொஞ்சம் கிடந்துவிட்டு, மறுபடி எம்பும்.