மரக்காலர் கட்டிய பீர் பெட்டி: ஹூஸ்டன் கராஜில் சில வருட அனுபவம்

வீட்டில் காய்ச்சிய பீரைக் குளிரவைத்து, குழாயைத் திறந்து கிளாஸில் பிடிப்பதற்காகச் செஸ்ட் ஃப்ரீசரை வைத்து நான் கட்டிய பெட்டி இது. குளிருக்காக யாரும் மரப்பெட்டி செய்ய வேண்டியதில்லை. குளிரைச் சாதாரண செஸ்ட் ஃப்ரீசரே தந்துவிடும். மரம் தேவைப்படுவது பீர் குழாய்களை நிறுத்துவதற்குத்தான். ஃப்ரீசரின் பக்கச் சுவரில் துளை போட முடியாது. வெளியில் தெரியாமல் அந்தத் தகட்டுக்கு அடியில்தான் வெப்பம் வெளியேற்றும் செப்புக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்றைக் குத்திவிட்டால் வாயு போய்விடும், ஃப்ரீசர் குப்பைக்கு. அதனால் மூடியைக் கழற்றி, உடம்புக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு மரச்சட்டம் உட்காரவைத்து, அதில் துளை போடுகிறோம். அந்தச் சட்டத்துக்குத்தான் காலர் என்று பெயர். இந்தப் பெட்டியின் கதை முழுக்க அந்த நான்கு பலகைகளின் கதைதான்.

பாட்டிலில் அடைத்துச் சலித்தவர்களுக்குக் கெக்கின் அருமை தெரியும். கெக் என்பது பீரை மொத்தமாக வைத்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தால் குழாய்க்குத் தள்ளும் கலம். 5 கேலன் பீருக்கு 12 அவுன்ஸ் பாட்டில் ஐம்பதுக்கும் மேல் கழுவ வேண்டும். கெக் என்றால் ஒன்றே ஒன்று. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்துவது கார்னி கெக். முன்பு பெப்சி, கோக் சிரப் நிரப்பிக் கடைகளுக்குப் போன அதே ஸ்டீல் உருளைதான்; சிரப் அட்டைப்பெட்டிப் பைக்கு மாறியதும் பழைய கெக்குகள் எங்கள் கைக்கு வந்தன. பழையது வாங்கினால் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் முதலில் மாற்றிவிடுங்கள். ரூட் பீர் என்கிற குளிர்பானத்தின் வாசனை ரப்பரில் ஏறிவிட்டால் எத்தனை கழுவினாலும் போகாது.

அமெரிக்காவில் இது சட்டப்படியான பொழுதுபோக்கு. 1978-ல் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி வயது வந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வீட்டு உபயோகத்துக்குத் தயாரிக்கலாம். விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் பெட்டியைச் செய்து வெறும் சோடா ஊற்றுவதை யாரும் தடுக்கவில்லை; அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 7 கன அடி ஃப்ரீசர். உள்ளே நான்கு கெக் நிற்கும். காலர் 2x8 பைன் கட்டை. பெயர்தான் 2x8, அளந்தால் ஒன்றரை அங்குலம் தடிப்பும் ஏழேகால் அங்குலம் உயரமும். உள்பக்கம் ஓர் அங்குலம் இளஞ்சிவப்பு ஃபோம் பலகை ஒட்டியிருக்கிறேன். ஓர் அங்குல ஃபோம் தருகிற வெப்பத் தடையைப் பைன் கட்டை தர வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 4 அங்குலம் தடிப்பு வேண்டும். எனவே காலரை மரம் என்று நினைக்காமல், மரம் போர்த்திய ஃபோம் என்று நினைத்துக் கட்டுவது நல்லது.

வெளிப்பக்கம் முக்கால் அங்குல மெஸ்கீட் பலகை. டெக்சாஸில் புல்வெளிகளை ஆக்கிரமித்துப் பண்ணைக்காரர்களிடம் திட்டு வாங்கும் மரம் இது. நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போடுகிற ஜாதியை இங்கே பலகையாக அறுத்து இழைத்து மேசை செய்கிறார்கள், விலையும் கொஞ்சநஞ்சமில்லை. நான் அழகுக்காக அதை எடுக்கவில்லை. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் மெஸ்கீட் விரிந்து சுருங்குவது மிகக் குறைவு. கோடையில் ஹூஸ்டன் காற்று மெட்ராஸ் காற்றுக்குச் சளைத்ததல்ல. ஒரு பக்கம் 3 டிகிரி குளிர், மறுபக்கம் 35 டிகிரி புழுக்கம். இந்த நடுவில் நிற்கிற பலகை நெளியாமல் இருப்பதே பெரிது. இத்தனை கோடை தாண்டியும் முன்பலகை நேராக இருக்கிறது. பின்பக்கம் செலவைக் குறைக்கச் சாதாரண பைன் பலகையை விட்டேன். அது லேசாகக் கிண்ணம் போல் குழிந்துவிட்டது. சுவர்ப்பக்கம் என்பதால் யார் கண்ணுக்கும் படாது.

வியர்வைதான் உண்மையான எதிரி. பீர் குழாயைக் காலரில் பிடித்துவைக்கும் உலோகத் தண்டு, ஷாங்க், உள்ளேயிருந்து குளிரை வெளியே கடத்துகிறது. ஈரக்காற்று பட்டதும் குழாயின் அடியில் முத்து முத்தாக நீர் கோக்கும். அது வழிந்து துளையின் ஓரத்தில் இறங்குகிறது. பலகையின் முகப்புக்கு எத்தனை கோட் பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தாலும், துளையின் உள்வட்டத்தில் மரத்தின் நாளங்கள் திறந்தே இருக்கும், அங்கேதான் தண்ணீர் குடிக்கும். ஆகவே 7/8 அங்குலத் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, உள்வட்டம் முழுக்க எபாக்ஸிப் பிசின் பூசி, காய்ந்தபின் சரியான அளவுக்கு மறுபடி துளைத்தேன். இந்த ஒரு மாலை வேலைதான் பெட்டியைக் காப்பாற்றியது என்பேன். இதே கட்டுமானத்தை எபாக்ஸி இல்லாமல் செய்த நண்பர் ஒருவரின் வீட்டில் குழாய்களைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்து, பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று.

உள்ளேயும் ஈரம்தான். மூடியைத் திறக்கும்போதெல்லாம் புழுக்கக் காற்று உள்ளே விழுந்து, குளிர்ந்து, அடியில் தண்ணீராக நிற்கிறது. கொஞ்ச நாள் கவனிக்காவிட்டால் கெக்கின் ரப்பர்ப் பிடியிலிருந்து மூடியின் ஓர ரப்பர் (கேஸ்கட்) வரை பூஞ்சை. கால்சியம் குளோரைடு டப்பா வைத்தால் ஈரத்தை வேகமாக இழுக்கும், ஆனால் அது கரைந்து வரும் உப்புநீர் சிந்தினால் உலோகத்தை அரிக்கும். எனக்கு ஒத்துவந்தது மின்சாரத்தில் செருகிச் சூடேற்றி மறுபடி பயன்படுத்துகிற சிலிக்கா ஜெல் பெட்டி. இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுகிறேன். காலருக்கும் ஃப்ரீசர் விளிம்புக்கும் நடுவில் சிலிக்கான் பூச்சு, மூடிக்குப் புதிய கேஸ்கட். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதி ஈரம் உள்ளே வருவதே இல்லை.

வெப்பக் கட்டுப்பாட்டுக்கு வெளிக் கருவி ஒன்று, இங்க்பேர்ட் ஐடிசி-308. ஃப்ரீசரின் ஒயரை அதில் செருகி 38 ஃபாரன்ஹீட் (முன்பு சொன்ன 3 டிகிரி செல்சியஸ்தான்) வைத்துவிட்டால், அந்த அளவுக்கு மேல் ஏறினால் மட்டும் கம்ப்ரசர் ஓடும். அதன் உணரியைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. மூடி திறந்ததும் காற்றின் சூடு ஏறும், கம்ப்ரசர் ஓடும், உடனே நிற்கும். இப்படி அடிக்கடி நின்று ஓடினால் அதன் ஆயுள் குறையும். நான் கெக்கின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்திருக்கிறேன். பீரின் சூட்டைத்தானே அளக்க வேண்டும்.

குளிர்காற்று கனமானது, அடியில் தங்கும். மேலே காலர் உயரத்தில் எப்போதும் வெதுவெதுப்பு. குழாயும் ஷாங்க்கும் அங்கேதான் இருக்கின்றன, அதனால் முதல் கிளாஸ் பாதி நுரை. பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை அடியில் வைத்துக் காற்றை மேல்நோக்கித் தள்ளினேன். வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. மிச்ச நுரைக்கு மருந்து, கெக்கிலிருந்து குழாய்க்குப் பீர் போகும் ஹோஸின் நீளம். 3/16 அங்குல உள்விட்டமுள்ள ஹோஸ் 10 அடி, வாயு அழுத்தம் 11 அல்லது 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அளவு). அந்தக் குளிரில் இந்த அழுத்தம் பீரின் கொள்ளளவைப் போல இரண்டரை மடங்கு கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துவைக்கும். ஹோஸைக் குட்டையாக்கினால் இடம் மிச்சம், கிளாஸில் நுரை மட்டும்தான்.

பணத்தை எங்கே போடலாம் என்று கேட்டால் குழாயில் போடுங்கள். குரோம் பூசிய பித்தளைக் குழாய் மலிவு. பூச்சு போனதும் பீரில் உலோகச் சுவை வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், முன்பக்கம் அடைகிற வகை, பெர்லிக் அல்லது இன்டர்டேப் பிராண்டு, நாலு நாள் தொடாவிட்டாலும் ஒட்டிக்கொள்ளாது. கோடையில் பழ ஈக்கள் குழாயின் வாய்க்குள் குடியேறும், ரப்பர் மூடி போட்டே தீர வேண்டும். ஹோஸ்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவச் சொல்கிறது அமெரிக்க பீர் தயாரிப்பாளர்கள் சங்கமான பிரூவர்ஸ் அசோசியேஷனின் கையேடு. வீட்டில் அவ்வளவு கண்டிப்பு யாரும் காட்டுவதில்லை. நான் கெக் மாறும்போதெல்லாம் கழுவுகிறேன், சுவை கெடவில்லை.

வாயு சிலிண்டரைப் பெட்டிக்கு வெளியே நிறுத்தி, காலரின் பின்பலகை வழியாகக் குழாய் விட்டிருக்கிறேன். உள்ளே இடம் கிடைக்கிறது என்பது ஒன்று. கசிந்தால் உள்ளேயே தேங்காது என்பது அதைவிடப் பெரியது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். மூடிய பெட்டிக்குள் சிலிண்டர் முழுக்கக் கசிந்திருக்கும்போது குனிந்து தலையை விட்டால் மயக்கம் வரலாம், அதற்கு மேலும் ஆகலாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழ் பார்ப்பது எங்கள் வீட்டில் காஸ் அடுப்புக்குச் செய்கிற அதே சோதனைதான். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று கேஜ் சொல்லாது. உள்ளே திரவம் இருக்கும் வரை முள் பெரிதாக இறங்காது. தராசில் வைத்து, சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள்.

பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு: தூக்குவது. நிரம்பிய கெக் சுமார் 25 கிலோ. காலர் இருப்பதால் இன்னும் ஏழேகால் அங்குலம் மேலே ஏற்றி உள்ளே இறக்க வேண்டும், முதுகு தாங்காது. காலரை மூடியோடு சேர்த்துப் பொருத்தினால் தூக்கும் உயரம் குறையும், ஆனால் குழாய்களின் பாரத்தை மூடியின் கீல் சுமக்க வேண்டும். நான் உடம்போடுதான் பொருத்தியிருக்கிறேன். அதற்குப் பதிலாகக் காலிக் கெக்கை உள்ளே வைத்துவிட்டு, நொதிப்புப் பாத்திரத்தை மேசையில் ஏற்றி ஹோஸ் வழியாக இறக்குகிறேன். காற்றுப் படாமல் பீர் மாறுவதால் ருசிக்கும் நல்லது.

ஃப்ரீசர் முழுவதையும் மரத்தால் போர்த்துவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். படங்களில் அருமையாகத்தான் இருக்கும். ஆனால் பக்கச் சுவர்தான் வெப்பம் வெளியேறும் வழி. அதை ஒட்டிப் பலகை அடித்தால் கம்ப்ரசர் மூச்சு வாங்கும். போர்த்தியே ஆக வேண்டுமென்றால் சுற்றிலும் காற்று இடைவெளி விட்டு, கீழும் பின்னும் திறந்து, விசிறி வையுங்கள். நான் அந்த வேலைக்கே போகவில்லை. முகப்பில் மட்டும் மெஸ்கீட், மற்றதெல்லாம் ஃப்ரீசரின் வெள்ளை நிறம்.

நாலாவது குழாயில் இப்போது நிரந்தரமாகச் சோடா. மாமனார் மதுரையிலிருந்து வந்திருந்தபோது, "மாப்ள, இதுல எது நமக்கு?" என்று கேட்டார். அவருக்குப் பன்னீர் சோடா போட்டுக் கொடுத்தேன். வெறும் சோடாவைக் கெக்கில் வைத்துவிட்டு, பன்னீர் எசன்ஸையும் சர்க்கரைப்பாகையும் கிளாஸிலேயே கலப்பதுதான் சரி. எசன்ஸ் கெக்குக்குள் போனால் அந்த ரப்பர் வளையங்கள் பன்னீர் வாசனையை விடவே விடாது. சோடாவுக்கு அழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவுக்கு வேண்டும், அதற்குத் தனி ரெகுலேட்டர், ஹோஸும் பீருக்குப் போட்டதைப் போல இரு மடங்கு நீளம். அடுத்த தடவை இஞ்சி போடச் சொல்லியிருக்கிறார். இஞ்சிச் சாற்றையும் கிளாஸில்தான் ஊற்றப் போகிறேன். அதன் நார் கெக்கின் உள்குழாயை அடைத்துவிடும்.