அணில் கடித்த கம்பியும் இரண்டாண்டுப் பெட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் பறிக்க ஏணியில் ஏறியிருந்தபோது மனைவியின் தம்பி அழைத்தான். “மாமா, உங்கள் வீட்டில் இரண்டு வருடமாக இருக்கிற ஆண்ட்ராய்டு செட்டாப் பெட்டி விலை குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா?” அப்போது என் ஒரு கையில் முருங்கைக்காய், இன்னொரு கையில் அணில் கடித்துப் பிளந்த இணையக் கம்பி. “வாங்காதே” என்று சொல்லி வைத்துவிட்டேன். இறங்கி வந்து காபி குடித்த பிறகுதான் அது நியாயமான பதிலா என்ற கேள்வி வந்தது.

டிஷ் சேனல்களோடு, இணையம் வழியாக யூடியூப், நெட்ஃப்ளிக்ஸையும் டிவியில் காட்டுகிற பெட்டி இது. டிஷ் வழியாக வரும் சேனல்களில் எனக்குக் குறையே இல்லை. படம் துல்லியம். பெருமழைக்கு நின்றுபோவது எல்லாப் பெட்டிக்கும் உள்ளதுதான். ரிமோட் எத்தனையோ முறை கீழே விழுந்தும் பிழைத்திருக்கிறது. சண்டையெல்லாம் இதை வீட்டு இணையத்தோடு சேர்த்துவைப்பதில்தான்.

எங்களுடையது மதுரையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வைத்த பழைய வீடு. ஃபைபர் வாசல் பக்கம் நுழைவதால் ரௌட்டரும் அங்கேயே. டிவி இரண்டு சுவர் தாண்டி நடு அறையில். குறுக்கே அம்மாவின் இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடியோடு. ரௌட்டர் அனுப்பும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தப் பீரோவைக் கண்டாலே படுத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் எப்படியோ உள்ளே வந்து சேரும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. தெருவில் உள்ள எல்லா ரௌட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்கின்றன.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மின்சாரம் போய் வந்தால் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ரௌட்டர் எழுந்து இணையத்தைக் கொண்டுவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பெட்டி அதற்கு முன்பே விழித்து, தேடி, ‘இணைப்பு இல்லை’ என்று எழுதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு இணையம் வந்து வாசலில் நின்றாலும் ஏறெடுத்துப் பார்க்காது. அணைத்துப் போட்டால் சில நாள் சேரும். சில நாள் கடவுச்சொல்லையே மறந்துவிட்டுப் புதிதாகக் கேட்கும். பதினாறு எழுத்துகளை ரிமோட்டின் அம்புக்குறியால் நகர்ந்து நகர்ந்து அடிக்க வேண்டும்; பெரிய எழுத்துக்கு ஒரு பொத்தான், எண்ணுக்கு வேறொரு பக்கம். அடித்ததெல்லாம் புள்ளியாகத்தான் தெரியும். பதினைந்தாவது எழுத்தில் விரல் தவறினால் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அப்பா பின்னாலிருந்து “செய்தி முடிந்துவிடும் போலிருக்கிறதே” என்பார். சேவை மையத்தில் கேட்டால் ஒரே மந்திரம்: “ரீசெட் செய்யுங்கள் சார்.”

ஆறு மாதம் போராடிவிட்டு, இருபது மீட்டர் கேட்5இ கம்பி (உள்ளே நான்கு ஜோடி இழைகள் உள்ள இணையக் கம்பி) வாங்கி ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, முருங்கை மரத்தை ஒட்டி நடு அறைக்குள் கொண்டுவந்தேன். அன்றோடு தொல்லை தீர்ந்தது. மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் பெட்டி தானாகச் சேர்ந்துகொள்கிறது. ஆனால் வேகத்தை அளந்து பார்த்தபோது புதுக் கோபம். நான் பணம் கட்டுவது 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) இணைப்புக்கு. அளவி 94ஐத் தாண்டவில்லை. பெட்டியின் பின்னால் கம்பி செருக இருப்பது பழைய 100 எம்பிபிஎஸ் துளை! சில ரூபாயை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்திருக்கிறார்களே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் திட்டித் தீர்த்தேன். நெட்ஃப்ளிக்ஸில் 4கே படம் பார்க்க 15 எம்பிபிஎஸ் போதும் என்பது தெரியும். தெரிந்தும் திட்டினேன்.

ஞாயிறன்று ஏணியில் நின்று அந்தக் கம்பியைத் திருப்பிப் பார்த்தேன். மேலுறை கிழிந்து, உள்ளே நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் துண்டாகிக் கிடந்தன. ஆரஞ்சிலும் பச்சையிலும் பல் தடம் மட்டும். வீட்டுக்குள்ளேயோ, யூடியூபில் அப்பாவின் பட்டிமன்றம் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் இதுதான்: 100 எம்பிபிஎஸ் ஓட நான்கு ஜோடியில் ஆரஞ்சும் பச்சையும் போதும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்றால் நான்கும் வேண்டும். இத்தனை நாள் நான் திட்டிய துளைதான் அணிலிடமிருந்து பட்டிமன்றத்தைக் காப்பாற்றியிருக்கிறது. எத்தனை நாளாக இப்படி ஓடியதோ, அணிலுக்குத்தான் வெளிச்சம்.

மாலையில் மைத்துனனைத் திரும்ப அழைத்தேன். “ரௌட்டரிலிருந்து டிவி வரை கம்பி இழுக்க முடியுமா?”

“வாடகை வீடு மாமா. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விட மாட்டேன் என்கிறார்.”

“அப்படியென்றால் வாங்காதே. வைஃபையை நம்பி இதை வாங்குகிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.”

“சரி மாமா. நீங்கள் அதை மாற்றப் போகிறீர்களா?”

இல்லை என்றேன். குறைந்த விலையில் மாடி அறைக்கு இன்னொன்று சொல்லியிருப்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு முப்பது மீட்டர் கம்பியும் வாங்கியாகிவிட்டது, இந்த முறை பிவிசி குழாயோடு.