லகியோல் என்று பொறித்திருந்தால் போதுமா? கடலுக்குக் கத்தி வாங்குகிறவர்கள் கவனிக்க

பிரான்சில் இருக்கும் நம் ஆட்கள் கோடையில் தியெப், புலோன் பக்கம் படகேறிக் கானாங்கெளுத்தி பிடிக்கப் போவதுண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லகியோல் என்பது பிரான்சின் பேர்போன மடக்குக் கத்தி. கொம்புக் கைப்பிடி, முதுகில் தேனீ உருவம், பெட்டியில் பிரெஞ்சு மூவர்ணக் கொடி, இவற்றைப் பார்த்ததும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். எனக்கு 65 யூரோவும் போனது, விரலில் தையலும் விழுந்தது.

வாங்கியது கடற்கரை ஊர் ஒன்றின் சந்தைக் கடையில். படகில் மீன் அறுக்க ஒரு பாரம்பரிய மடக்குக் கத்தி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது ‘லகியோல்’. தெற்குப் பிரான்சின் அவெய்ரோன் மலைக் கிராமத்தில் கையால் செய்தது, துருவே பிடிக்காது, தேனீயை அழுத்தினால்தான் மடங்கும் என்றார். காந்தத்தை அலகில் ஒட்டிக் காட்டி, "பாருங்கள் மெசியே, அசல் எஃகு" என்றார். கத்தி செய்யும் எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டும், துருப்பிடிக்கும் எஃகும் ஒட்டும். அந்த வித்தையால் தெரியவருவது ஒன்றுமில்லை.

தேனீ விஷயம் அதைவிட மோசம். லகியோல் கத்தியில் தேனீ வெறும் அலங்காரம். பொதுவாக இந்த வகைக் கத்திக்குப் பூட்டு கிடையாது, அசல் கத்தியிலும் அலகை நிறுத்திவைப்பது முதுகில் இருக்கும் வில் (ஸ்பிரிங்) தான். நல்ல பட்டறையில் செய்தால் வில் இறுக்கமாக இருக்கும். என் கையில் இருந்தது அப்படி இல்லை.

படகில் கத்திக்கு ஓய்வே இருக்காது. செவுளை அறுத்து ரத்தம் வடிக்க வேண்டும், சிக்கிய பின்னல் நூலை அறுக்க வேண்டும். அப்புறம் வால் வேலை வேறு. பிரான்சில் பொழுதுபோக்குக்குப் பிடிக்கும் கானாங்கெளுத்தி, கொடுவாயைப் போலிருக்கும் ‘பார்’ போன்ற மீன்களுக்கு வால்துடுப்பின் கீழ்ப்பகுதியை வெட்டி அடையாளம் செய்ய வேண்டும் என்று 2011-இல் விதி வந்தது. அந்த மீனைத் திருட்டுத்தனமாக விற்கக் கூடாது என்பதற்காக. அப்படி வெட்டும்போது முனை பலகையில் குத்திக்கொண்டது. திருப்பி இழுத்தேன், அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. கரைக்கு வருவதற்குள் அலகின் அடியில் பழுப்புப் புள்ளிகள். ‘கொம்பு’ கைப்பிடியின் ஆணி ஓரத்தில் விரிசல் விட்டு, உள்ளே பிளாஸ்டிக் பல்லிளித்தது.

லகியோல் என்பது அந்த மலைக் கிராமத்தின் பெயர். ஆனால் அந்தப் பெயர் பொறித்த கத்திகள் பெரும்பாலும் நெடுங்காலமாக மத்திய பிரான்சின் தியேர் நகரத்தில்தான் உருவாகின்றன. அதிலும் தவறில்லை, தியேர்க்காரர்கள் கத்தி செய்வதில் கெட்டிக்காரர்கள். சிக்கல் வேறு: சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த மலிவுச் சரக்கும் அதே பெயரோடு, அதே தேனீயோடு வந்து இறங்குகிறது. பெயர் உரிமைக்காக அந்த ஊர்க்காரர்கள் பல வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். 2012-இல் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றிப் போராடினார்கள். ஆகவே ‘லகியோல்’ என்ற எழுத்தை விட்டுவிட்டு, அலகில் செய்தவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இல்லை. கூடவே தந்த ‘சான்றிதழ்’ அட்டையிலும் பட்டறைப் பெயரோ முகவரியோ கிடையாது.

அசலே கிடைத்தாலும் உப்புத் தண்ணீருக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் இப்போது என் கருத்து. சாப்பாட்டு மேசைக்கு அழகான கத்தி அது. பாரம்பரியக் கத்திதான் வேண்டும் என்றால் ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் 8-ஆம் எண் போதும்: 8.5 சென்டிமீட்டர் அலகு, 1955 முதல் வரும் சுழல் வளையப் பூட்டு, விலையும் நான் கொடுத்ததில் சிறு பங்குதான். அதிலும் ‘இனாக்ஸ்’ (எவர்சில்வர்) என்று பொறித்ததையே எடுங்கள். ‘கார்போன்’ (கார்பன் எஃகு) நன்றாகக் கூராகும், ஆனால் கடல் காற்றிலேயே துருப்பிடிக்கும். மரக் கைப்பிடி நனைந்து ஊதினால் அலகு வெளியே வர மறுக்கும். கைப்பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் முனை எட்டிப்பார்க்கும், அதைப் பிடித்து விரிக்கலாம். கத்தியைத் தூண்டில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நியாயமான காரணமில்லாமல் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தால் போலீஸ் கேட்கும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "பயன்படுத்திவிட்டீர்கள், எடுக்க முடியாது. லகியோல் பாணி என்றுதானே சொன்னேன்" என்றார். பாணியாம்! கடையில் நேரில் வாங்கினால் மனம் மாறி 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது, அது உண்மை. ஆனால் சொன்னபடி இல்லாத பொருளுக்கு இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் இருக்கிறது. பயன்படுத்தியதால் அது போய்விடாது. ‘சிஞால் கோன்சோ’ என்ற, நுகர்வோர் புகாருக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இடறுவது ரசீதில்தான்: கார்டு இயந்திரம் துப்பிய தாளில் தொகை மட்டும் இருக்கிறது, பொருளின் பெயர் இல்லை. நீங்கள் வாங்கும்போது செய்தவர் பெயர், செய்த ஊர், எஃகின் வகை மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.